ஆறாம் மாடி வரிகள்

மார்ச் 4

அண்ணி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத இப்போது கை வரவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் கோபம் பாதிக் காரணம், இந்தக் கட்டில் பாதிக் காரணம். அறையில் மேசை கிடையாது.

முதலில் என் நிலவரம். ஜாமீனில் விட்டார்கள் என்று வக்கீலம்மா சொல்லியிருப்பார். சாட்சி விசாரணை முடியும்வரை நம் ஊர் எல்லைக்குள் நான் கால் வைக்கக் கூடாது. இந்த ஊரிலேயே தங்கி, தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டில் எனக்குப் பதிலாக வக்கீலம்மாவே ஆஜராவார். என் போனை வழக்குப் பொருள் என்று சீல் வைத்துக்கொண்டார்கள். வேறு யார் போனையும் தொடக் கூடாது என்று உத்தரவில் இருக்கிறது. கடிதம் எழுதக் கூடாது என்று மட்டும் இல்லை. இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதப்போகிறாள் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

வேலை கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரித் துணிகளை மொத்தமாகத் துவைக்கிற சலவைக்கூடம். சூடான உருளைக்குள் படுக்கை விரிப்பை விட்டு அந்தப் பக்கம் மடித்து எடுக்க வேண்டும். முகம் எந்நேரமும் வெந்துகொண்டிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குற்றப்பத்திரிகை நகல் நேற்றுத் தபாலில் வந்தது. பின்னால் இணைப்பு என்று ஒரு தாள். மைதானத்தில் மைக் வைத்துப் பாட அனுமதி கேட்டு, பாட்டின் வரிகளை மூன்று பிரதி எடுத்து ஸ்டேஷனில் கொடுத்தோமே, அந்தத் தாள். கீழே என் கையெழுத்து இருக்கிறது. மேலே இருப்பது என் பாட்டு இல்லை.

'எட்டு மாடி' எப்படிப்பட்ட பாட்டு? தரையில் ஆரம்பித்து மாடிக்கு ஒரு சரணமாக மேலே ஏறும். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் ஓடாததால் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லும். ஆறாம் மாடி நம் வீடு. நெஞ்சுவலி வந்த அண்ணனை நாற்காலியில் வைத்துப் படியில் இறக்கிய கதை. அந்த இடத்தில் இந்தத் தாளில் என்ன இருக்கிறது தெரியுமா? தெரியாமல் என்ன, நீங்கள்தானே அடித்தீர்கள். "மின்தூக்கி இயங்காமையால் ஆறாம் தளத்தில் வசிப்போர் பெரிதும் சிரமத்திற்கு உள்ளாகின்றனர் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இதை யார் ராப் பாடுவது? எங்கள் தாளக்காரன் டப்பா, தண்ணீர் கேனைக் கவிழ்த்துப்போட்டு எந்தத் தாளத்தையும் வாசித்துவிடுவான். இதற்கு அவனாலும் முடியாது.

ஸ்டேஷனில் காட்டியது ஒன்று, மைதானத்தில் பாடியது இன்னொன்று, ஏமாற்றி அனுமதி வாங்கினாள் என்பதுதான் என் மேல் வழக்கு. நாலு வருஷமாக லிஃப்ட் ஓடாததற்கு யார் மேலும் வழக்கு இல்லை. நீங்கள் அடித்துக் கொடுத்ததை நான் என்றைக்காவது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேனா? நீங்கள் போடுகிற சோற்றை மோந்து பார்த்தா சாப்பிடுகிறேன்?

ஏன் அண்ணி? அதை மட்டும் எழுதுங்கள். மற்றது எதுவும் வேண்டாம்.

கரண்டு


மார்ச் 9

அனுப்புநர்: ஆறாம் மாடியில் தனியாக இருப்பவள்.
பெறுநர்: வெளியூரில் கோபமாக இருப்பவள்.
பொருள்: 'ஏன்' என்று கேட்டதற்கு விளக்கம் அளித்தல் தொடர்பாக.

உனக்குப் பிடிக்காத பாஷையிலேயே ஆரம்பித்திருக்கிறேன். கோபம் வந்தால் எனக்கு இதுதான் வரும். உன் அண்ணன் உனக்குக் கரண்டு என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. தொட்டால் தூக்கி அடிக்கிறாய்.

பதினோரு வருஷமாக அரசு அலுவலக வளாகத்தில் மேசை போட்டு மனு அடித்துக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கொதித்துக்கொண்டுதான் வருவார்கள். "அந்த நாய் என் இடத்தை அளக்க வராம இழுத்தடிக்கிறான்னு எழுதும்மா" என்பார்கள். நான் "நில அளவைப் பணியில் ஏற்பட்டுள்ள காலதாமதம்" என்று அடிப்பேன். நாயை எடுத்துவிட்டுக் காலதாமதத்தைப் போடுவதுதான் என் தொழில். நாய் இருக்கிற மனு குப்பைக்கூடைக்குப் போகும். காலதாமதம் இருக்கிற மனு, அடுத்த மேசைக்காவது போகும்.

உன் பாட்டுக்கும் அதைத்தான் செய்தேன். அனுமதி வந்ததா, இல்லையா? மைதானத்தில் நீ உன் இஷ்டப்படிதான் பாடுவாய் என்று எனக்குத் தெரியும். யார் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அடித்த தாளை முழுசாகப் படித்த முதல் ஆள் நம் ஸ்டேஷனில் இருக்கிற அந்த ஏட்டுதான். என் நேரம்.

நீ கேட்டாய், நான் சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். நாலாம் மாடி வரும்போது என் புருஷனுக்குத் துணி நனைந்துவிட்டது. அதை முந்நூறு பேர் முன்னால் மைக்கில் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? அவர் எப்படிச் சுத்தம் பார்ப்பார் என்று உனக்குத் தெரியாதா? வண்டி ஓட்டிவிட்டு வந்தால் குளிக்காமல் நாற்காலியில் உட்காரமாட்டார். இப்போது நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. பாவம் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பார்வை வேண்டாம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நம் வாயையாவது நாம் மூடிக்கொள்ளலாமே.

எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. ஏப்ரல் 16ஆம் தேதி நான் போலீஸ் தரப்புச் சாட்சி. "அவர் கொடுத்தபடியே அடித்துக் கொடுத்தேன்" என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டுமாம்.

உருளைக்குப் பக்கத்தில் நிற்கிறவள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே.

அண்ணி


மார்ச் 14

அண்ணி,

தண்ணீர் குடிக்கிறேன். அதற்கு மட்டும் உங்கள் பேச்சைக் கேட்கிறேன்.

இங்கே வாரத்துக்கு ஒரு நாள் எல்லோரும் துணி பிரிக்க வேண்டும். ஆஸ்பத்திரி மூட்டைகளை அவிழ்த்து, நனைந்தது தனி, ரத்தக் கறை தனி என்று போட வேண்டும். எத்தனை விரிப்பு என்று கேட்காதீர்கள். ஒரு மலை. அதில் கோடீஸ்வரன் படுத்ததும் இருக்கும், நம்மைப் போல ஆளும் இருக்கும். எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது எல்லா உடம்பும் ஒரே மாதிரிதான் நனைக்கிறது. அந்த மலைக்கு முன்னால் நின்றுதான் உங்கள் கடிதத்துக்கு மனசுக்குள் பதில் எழுதினேன்.

அந்த மூட்டைகள் எங்கள் தளத்துக்கு எப்படி வருகிறது தெரியுமா? லிஃப்டில். அழுக்குத் துணிக்கு என்றே தனி லிஃப்ட். பட்டனை அமுக்கினால் வருகிறது. முதல் நாள் அதைப் பார்த்து வயிறு எரிந்தது.

அண்ணன் வெட்கப்பட வேண்டுமா, அண்ணி? நாலு வருஷமாகப் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை தொங்குகிறது. வருஷா வருஷம் பழுது பார்த்தாகிவிட்டது என்று ஒருவன் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் குளித்துவிட்டு, சட்டை மடிப்புக் கலையாமல் அலுவலகம் போகிறான். அவனுக்கு வராத வெட்கத்தை நாம் ஏன் வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும்? நான் அந்த வரியைப் பாடியது அதற்காகத்தான். நீங்கள் அதை மறைத்தால் தப்பு அண்ணன் மேல் என்று ஆகிறது.

லிஃப்டுக்காக நீங்கள் மொத்தம் ஒன்பது மனு அடித்தீர்கள். ஒன்பதிலும் பணிவுடன், பணிவுடன். ஒன்றுக்காவது பதில் வந்ததா? பாட்டை ஒரு தடவை, அதுவும் பாதிதான் பாடினோம். ஆறாம் மாடி முடிவதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த வாரமே இரண்டு பேர் டார்ச் அடித்து லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார்களாம், வக்கீலம்மா சொன்னார். பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். போகட்டும், வந்தார்கள் இல்லையா?

உங்கள் சாட்சிதான் எனக்கு எல்லாமே. "கொடுத்தபடியே அடித்தேன்" என்று நீங்கள் சொன்னால் நான் ஏமாற்றுக்காரி, மூன்று வருஷம் உள்ளே. நடந்ததைச் சொன்னால் அந்தப் பிரிவு நிற்காது என்கிறார் வக்கீலம்மா. நான் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்த தாள் உங்களிடம் இருக்குமே. அதை அவரிடம் கொடுத்துவிடுங்கள், அதுவே பாதி பேசிவிடும்.

ஸ்டேஷனில் ஒருவர் தினமும் "எங்க, ஒரு பாட்டுப் பாடு கேட்போம்" என்கிறார். இன்றைக்கு "மூணு பிரதி அடிச்சுக் கொடுத்துட்டுப் பாடுறேன் சார்" என்றேன். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நாளையிலிருந்து கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

கரண்டு


மார்ச் 20

தாள் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன கடிதத்தில் தொழில், காலதாமதம் என்றெல்லாம் எழுதினேன். அது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. மற்ற ஏழு மாடியையும் அப்படித்தான் மழுக்கினேன். ஆறாம் மாடிக்கு வந்தபோது விரல் நகரவில்லை.

அன்றைக்கு நீங்கள் நாலு பேர் நாற்காலியைத் தூக்கி வந்தீர்கள். நான் முன்னால் ஓடி, படியில் நின்ற சைக்கிளையும் வாளியையும் ஒதுக்கிக்கொண்டே போனேன். வழியை மறைக்காமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதனால் மூன்றாம் மாடியில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு உன்னிடம் கேட்டேன், கடைசியாக ஏதாவது சொன்னாரா என்று. இல்லை என்றாய். எட்டு மாதம் அந்த 'இல்லை'யோடு இருந்தேன்.

அவர் பேசினார். சிரித்துக்கொண்டு பேசினார். "இறக்கி வைங்க, மூச்சு வாங்குறீங்க" என்றார். அது அவர்தான், வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் அதை எப்படித் தெரிந்துகொண்டேன்? அலுவலக வளாகத்தில், மூன்று பேர் வரிசையில் நிற்கும்போது, "மூணு பிரதி எடுங்க அண்ணி, அவசரம்" என்று நீ வைத்துவிட்டுப் போன தாளில்.

ஊருக்குச் சொல்லத் தெரிந்தது உனக்கு. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

என்னிடம் இனி எதையும் கேட்காதே.


மார்ச் 26

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக வராது, ஆனாலும் அனுப்பிவிடப்போகிறேன்.

இல்லை என்று நான் சொன்னது பொய். பேச்சுக்குச் சொன்ன பொய் இல்லை, பயந்து சொன்னது. அண்ணன் இறக்கி வைக்கச் சொன்னதும் மற்ற மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தங்கச்சி நான்தானே. நான்தான் "வைங்க" என்றேன். எனக்குக் கை விட்டுப்போயிருந்தது, அதுதான் நிஜம். வைத்தோம். நான் இரண்டு கையையும் உதறிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறேன், அண்ணன் இல்லை. அவர் சொன்னதை உங்களிடம் சொன்னால் இதையும் சொல்ல வேண்டும். வைக்காமல் ஓடியிருந்தால் என்று நீங்கள் ஒரு தடவை கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

எத்தனையோ சாயங்காலம் உங்கள் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். நீங்கள் உடனே "பசிக்குதா?" என்பீர்கள். ஆமாம் என்றுவிடுவேன். அப்புறம் ஒரு நாள் டப்பா மொட்டை மாடியில் கேனைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் சும்மா எதையோ சொல்லிக்கொண்டு போனேன். ஆறாம் மாடி, அஞ்சாம் மாடி என்று இறங்கி வந்தால், மூன்றாம் மாடியில் அது தானாக வந்து விழுந்துவிட்டது. பேச்சில் வராதது தாளத்தில் வந்தது. டப்பா தட்டுவதை நிறுத்திவிட்டு அழுதான். அவனும் நாற்காலியில் ஒரு கால் பிடித்தவன்தானே.

தாளை உங்கள் மேசையில் வைத்துவிட்டு ஓடியதும் அதனால்தான். அவசரம் ஒன்றும் இல்லை. நீங்கள் படிக்கும்போது பக்கத்தில் நிற்கத் தைரியம் இல்லை. அதற்கு உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன்.

பாட்டுக்குக் கேட்கமாட்டேன். அது வேறு, இது வேறு.

கரண்டு


ஏப்ரல் 3

கரண்டு,

முட்டாளே. அவர் இறக்கி வை என்று சொன்னால் நானாக இருந்தாலும் இறக்கித்தான் வைத்திருப்பேன். அவர் சொல்லி நாம் எதைச் செய்யாமல் இருந்தோம்? ஆறு மாடி இறக்குகிற நேரத்தில் அந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் அன்றைக்கே என்னிடம் சொன்னார். லிஃப்ட் இருந்திருந்தால் ஒரு நிமிஷம். நீ ஓடியிருந்தாலும் நடந்திருந்தாலும் படி படிதான். எட்டு மாதம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாயா? நான் வேறு பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது. இனி இதைப் பற்றி எழுதினால் அடிப்பேன்.

இத்துடன் ஒரு தாள் மூன்று பிரதி வைத்திருக்கிறேன். அந்த ஏட்டு மேசைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "உங்க நாத்தனார் வாழ்க்கை வீணாப் போகுதேன்னு எனக்குத் தூக்கமே வரலைம்மா" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் கேட்டுக்கொண்டேன். நீ மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் வழக்கை முடித்துவிடுவார்களாம், கோர்ட்டே வேண்டாமாம். இல்லையென்றால் பதினாறாம் தேதி நான் கூண்டில் ஏற வேண்டும். எழுந்து போகும்போது, "இந்த மேசை இருக்கிறது அரசாங்க இடம்தானேம்மா, பர்மிஷன் யார் கொடுத்தது?" என்று சிரித்தார்.

அவர் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். "தவறான தகவல்களைப் பாடிப் பொதுமக்களைத் தூண்டியமைக்கு வருந்துகிறேன். இனி பொது இடங்களில் பாடமாட்டேன் என உறுதியளிக்கிறேன்."

போட்டுவிடு. வீட்டுக்கு வந்துவிடு. என்னைக் கோழை என்று நினைத்தாலும் சரி. ஒருவரை இந்தப் படியில் இறக்கினோம், அவர் திரும்பவில்லை. இன்னொருத்தியை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு இந்த இரண்டு அறையில் தனியாக உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

மூன்று பிரதியையும் திருப்பி அனுப்புகிறேன். இந்தத் தடவை படித்துப் பார்த்தேன்.

எது தவறான தகவல்? லிஃப்டா, நாற்காலியா, அண்ணனா? ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அதற்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன். இனி பாடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளை நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் காலையில் பல் விளக்கும்போது தொடங்கி இரவு படுக்கும்வரை ஓயாமல் பேசுகிறவள். "ரேடியோவை அணை" என்று அண்ணன் கத்துவார், ஆனால் நான் ஒரு நாள் சும்மா இருந்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். வாயைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வந்து அந்த அறையில் உட்கார்ந்தால், உங்கள் தனிமை இரண்டு மடங்காகும்.

இங்கே ஒரு சமாச்சாரம். உருளை சுற்றும்போது டக் டக் என்று ஒரு சத்தம் வரும். அதன் மேல் எட்டு மாடியைச் சொல்லிக்கொண்டே மடித்தேன். பக்கத்தில் நின்ற பெண் தன் வீட்டு மாடியைச் சேர்த்தாள். அவள் இருப்பது ஏழாம் மாடி, பிள்ளைத்தாய்ச்சியாக ஏறி இறங்கியவள். அதற்கு அடுத்தவள் தன்னுடையதைச் சேர்த்தாள். எல்லா ஊரிலும் அதே பலகைதான் தொங்குகிறது அண்ணி. மேற்பார்வையாளர் வந்து, "இங்க என்ன கச்சேரியா?" என்றார். பதினொரு பேரும் கையை நிறுத்தாமல் பாடினோம். விரிப்பும் மடிந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். நான் இல்லாவிட்டாலும் இனி அது நிற்காது.

பதினாறாம் தேதியைப் பற்றி ஒன்று. உங்களுக்குத் தொழில் இருக்கிறது, மேசை இருக்கிறது. உங்களால் சொல்ல முடியவில்லை என்றால் சொல்ல வேண்டாம். நான் கோபப்படமாட்டேன். பொய், கோபப்படுவேன். ஆனால் மூன்று வருஷம் கழித்து வெளியே வந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறி உங்களிடம்தான் வருவேன். எனக்கு வேறு வீடு கிடையாது.

மன்னிப்புத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடமாட்டேன். அந்த ஏட்டைத் தூங்கச் சொல்லுங்கள்.

கரண்டு


ஏப்ரல் 17

கரண்டு,

யாராவது சொல்லி நீ பதறக் கூடாது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் மேசை இப்போது வளாகத்துக்கு வெளியே, எதிர் நடைபாதையில் இருக்கிறது. இன்று காலை எட்டு மணிக்கு மூன்று பேர் வந்து, இடத்தைக் காலி செய் என்றார்கள். டப்பாவும் உன் கூட்டாளிகளும் வந்து, மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் ரோட்டைத் தாண்டித் தூக்கி வைத்தார்கள். எதிர் ஜெராக்ஸ் கடையில் கரண்டு இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பத்து மணிக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. ஒரு பெரியவர், "அந்த நாய் மூணு மாசமா அலைய விடுறான், எழுதும்மா" என்றார். "நாய்னு அப்படியே போடவா?" என்று கேட்டேன். மிரண்டுபோய் "வேணாம்மா, வேணாம்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் வீட்டைப் பூட்டும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. நீ திருப்பி அனுப்பிய மூன்று பிரதியும் பையில் இருந்தது. படியில் இறங்கினேன். மூன்றாம் மாடியில் கொஞ்சம் நின்றேன். இத்தனை நாளும் அந்த இடத்தைத் தலை நிமிராமல் கடந்துபோய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை. யாரோ செருப்பு விட்டிருந்தார்கள், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. இந்த இடத்தில் அவர் சிரித்தார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்குப் பயம் போய்விட்டது.

கூண்டில் ஏற்றி, நீ கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் காட்டி, அரசு வக்கீல் கேட்டார். "இந்த வரிகளை அவர் கொடுத்தபடியேதானே அடிச்சுக் கொடுத்தீங்க?"

"இல்லைங்க" என்றேன். "அவ கொடுத்தது வேற. நான்தான் மாத்தினேன். அவளுக்குத் தெரியாது. நான் அடிச்சதை அவ படிச்சுப் பார்க்க மாட்டா."

அந்த ஏட்டு பின் வரிசையில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

நீ கொடுத்த தாள் எங்கே என்று கேட்டார்கள். கிழித்துவிட்டேன் என்றேன். அரசு வக்கீலுக்குக் குஷி. "தாளும் இல்லை, ஆதாரமும் இல்லை. நாத்தனாரைக் காப்பாத்தச் சொல்ற கதை" என்றார். வக்கீலம்மா எழுந்திருப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன், "தாள் எதுக்குங்க, எனக்கு மனப்பாடம்" என்று.

நீதிபதி பக்கத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணிடம், "பாடல் வரிகளைத் தாமே மாற்றியதாகச் சாட்சி கூறுகிறார்னு போடும்மா" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, சுருக்க வேண்டாம். சுருக்குறது என் தொழில். நான் சுருக்கினதாலதான் அந்தப் பொண்ணு ஊருக்கு வெளியே நிக்குது. நான் சொல்றதைச் சொல்றபடி அடிக்கச் சொல்லுங்க" என்றேன். அரசு வக்கீல், "அது பாட்டு, சாட்சியம் இல்லை" என்று எழுந்தார். "பாட்டு இல்லைங்க, நடந்தது" என்றேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்க" என்றார்.

எனக்கு உன்னைப் போலத் தாளம் வராது. மனு வாசிக்கிற மாதிரிதான் சொன்னேன்.

ஆறாம் மாடி எங்க வீடு, அண்ணன் நெஞ்சுல கல்லு,
பட்டன பத்துத் தடவ அமுக்கினேன், பலகை சொல்லுது நில்லு.
நாற்காலியில உட்கார வச்சு நாலு பேரு தூக்கினோம்,
நாலு வருஷத்து மனுவ எல்லாம் படிப்படியா இறக்கினோம்.
அஞ்சாம் மாடி வேர்த்துப் போனான்,
நாலாம் மாடி துணி நனைஞ்சான்,
மூணாம் மாடி முகம் சிரிச்சான்,
"இறக்கி வைங்க, மூச்சு வாங்குறீங்க"ன்னான்.
இறக்கி வச்சோம். எங்க மூச்சு வந்துச்சு,
அவன் மூச்சு நின்னுச்சு.
கீழ வந்தா பூட்டு, பூட்டுக்கு மேல சீலு,
சீலுக்கு ஒரு கையெழுத்து, எல்லாம் சரின்னு தாளு.
நனைஞ்சது என் அண்ணன் துணி,
நாறுறது யாரு கையெழுத்து?

அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் 'அவன்' என்று சொன்னதில்லை. நேற்றுச் சொன்னேன். வேர்த்தார், சிரித்தார் என்று மரியாதை சேர்த்தால் அதுவும் திருத்தம்தானே. சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். வெளியே வராந்தாவில் வேறு வழக்குக்கு வந்தவர்கள்கூட வாசலில் வந்து நின்றிருந்தார்கள்.

ஏமாற்றியதாகப் போட்ட பிரிவு இனி நிற்காது என்று வக்கீலம்மா சொல்கிறார். திங்கள்கிழமை நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கிறாராம். வரிகளை மாற்றிக் கொடுத்ததற்கு என் மேல் வழக்குப் போடலாமாம். போடட்டும். எனக்கு வேறு யாரிடமும் போய் மனு அடிக்க வேண்டியதில்லை, நானே அடித்துக்கொள்வேன்.

கடைசியாக, நான் சொன்னதை அடித்து எடுத்துக் கொடுத்து, சரியாக இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். மூன்று பக்கம். அந்தப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். அடிக்கும்போதே கண் கலங்கியிருந்தாள். அவசரப்படாமல் விரல் வைத்துப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. நாலாம் மாடியில் மட்டும் 'இயற்கை உபாதைக்கு உள்ளானார்' என்று இருந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மெதுவாக, "உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான் அக்கா" என்றாள். என்னைத் தெரியாத பெண். நல்ல மனசு. நானும் அதே மனசோடுதான் செய்தேன்.

பேனாவை வாங்கி அந்த வார்த்தைகளைக் கோடு போட்டு அடித்தேன். மேலே என் கையாலேயே 'துணி நனைஞ்சான்' என்று எழுதினேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும், பக்கத்துக்கு அடியில் ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணி